இந்தா, புடி!

என் பொண்டாட்டி ஓடுகிறவள். கல்யாணமான புதிதில் ஆவடி ஃபேக்டரி கேன்டீனில் இதைப் பெருமையாகச் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த அமல்ராஜுக்கு டீ புரையேறிவிட்டது. "யார் கூட மாமே?" என்று கேட்டான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் எந்த ஷிஃப்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தன், "இன்னா பூபாலா, ஊட்டுக்காரம்மா திரும்பி வந்துட்டாங்களா?" என்று விசாரிப்பான். அப்புறம் ஒரு நாள் பேப்பரில் படம் வந்தது. நாலு பெண்கள் கழுத்தில் மெடலோடு நிற்கிறார்கள், இடது பக்கத்திலிருந்து இரண்டாவது என் ரேவதி. அன்றைக்கு அதே அமல்ராஜ்தான் கேன்டீன் முழுக்க லட்டு கொடுத்தான். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ரேவதி நசரத்பேட்டைக்காரி. அவள் அப்பா கஜபதி கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கழனியெல்லாம் பிளாட்டானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருவார்கள். என் மாமனார் வீட்டில் இன்றைக்கும் பதினோரு டிபன் பாக்ஸ் இருக்கிறது, ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. டிபன் பாக்ஸில் ஆரம்பித்தது மாவட்டம், மாநிலம், தேசிய கேம்ப் என்று போய், கடைசியில் நாட்டின் பேர் எழுதிய பனியனில் வந்து நின்றது. எட்டு வருஷம் அந்தப் பனியன் போட்டாள். இத்தனை ஊர் சுற்றியும் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் ஆபீஸில் வீட்டுக்காரர் பேர் கேட்டால், திரும்பி என்னைப் பார்ப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். வீட்டில் என்னைக் கூப்பிட அவளுக்கு ஒரே சொல்தான்: "இந்தா". தட்டை நீட்டினாலும் "இந்தா", திட்ட ஆரம்பித்தாலும் "இந்தா".

நூறு மீட்டர் தனியாகவும் ஓடினாள். ஆனால் அவள் பேர் நின்றது நாலு பேர் ஓடும் ரிலேயில், மூன்றாவது ஆளாக. மூன்றாவது ஆள் வளைவில் ஓட வேண்டும். கேமராவெல்லாம் முடிகிற இடத்தில் நிற்கும், வளைவில் ஓடுகிறவளை யாரும் படம் பிடிப்பதில்லை. இதைச் சொன்னால் ரேவதிக்குக் கோபம் வரும். "வளைவுல ஓடிப் பாரு, தெரியும்" என்பாள். நான் ஓடிப் பார்த்ததில்லை. நான் ஓடுவது ஃபேக்டரி சைரனுக்கு மட்டும்தான்.

ரிலேயில் பேட்டன் என்கிற அந்தக் குழாயை வாங்கப்போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போச்சு. பின்னால் வருகிறவள் கிட்டே வந்ததும் ஒரு சத்தம் கொடுப்பாள். அது காதில் விழுந்ததும் முன்னால் ஓடுகிறவள் கையைப் பின்னால் நீட்டுவாள். முழுக்க முழுக்க நம்பிக்கையில் நடக்கிற வேலை.

அந்த ஆசியப் போட்டி நடந்த ஊர் பேர் என் வாயில் நுழையாது. அங்கே ரேவதியிடம் பேட்டன் வாங்கிக் கடைசி ஆளாக ஓடியவள் பஞ்சாப்காரி, பேர் சிம்ரன். முதல் சுற்றில் எல்லா நாட்டுக்காரிகளும் "ஸ்டிக்" "ஸ்டிக்" என்றே கத்த, பக்கத்து லேன்காரி போட்ட சத்தத்துக்கு சிம்ரன் கையை நீட்டிவிட்டாள். தட்டுத்தடுமாறி எப்படியோ ஃபைனலுக்குள் நுழைந்தார்கள். அன்று சாயங்காலம் ரேவதி ஒரு முடிவெடுத்தாள். "நாளைக்கு நான் 'இந்தா'ன்னு கத்துறேன். இந்த கிரவுண்டுல தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அது காதுல வுழுந்தா நான்தான், வேற யாரும் கெடையாது" என்று சிம்ரனுக்குத் தனக்குத் தெரிந்த இந்தியில் புரியவைத்தாள். மறுநாள் கத்தினாள். சிம்ரன் கை பின்னால் வந்தது, பேட்டன் அதில் உட்கார்ந்தது. ஒரு நொடியில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வெண்கலம். நம்ம ஊர்ச் சொல் ஒன்றுக்கு மெடல் வாங்கிக் கொடுத்தவள் என் பொண்டாட்டி. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

தொடைத் தசை கிழிந்து ஓட்டம் நின்றதும் கோச் படிப்பு படித்தாள். விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த ரயில்வே வேலை போக மீதி நேரமெல்லாம் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மைதானத்தில்தான். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, பக்கத்தில் கபடிப் பையன்கள், இதற்கு நடுவில் இருபத்தாறு பிள்ளைகள். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் வசவு. அதில் நாலு பெண்களை ரிலே டீமாகத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷமாகத் தயார் செய்தாள். அவர்களுக்கும் அதே சொல்தான், "இந்தா". கோச்சுக்கு மெடல் கொடுத்த சொல் என்று அதற்குத் தனி மரியாதை.

உலகம் சுற்றிய கோச்சும் யோசிக்கவில்லை, ஊரைத் தாண்டாத நானும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் தமிழ் தெரிந்தவள் இவள் ஒருத்தி. ஆவடியில்?

போன ஜூலையில் பூந்தமல்லிப் பக்கம் கிளப்புகளுக்கு ஒரு போட்டி. நாலு வாரத்தில் வரப்போகிற மாநிலப் போட்டிக்கு அது ஒத்திகை மாதிரி. எங்கள் டீமில் மூன்றாவது ஆள் தீபிகா, குவார்ட்டர்ஸ் பெண். கடைசி ஆள் ரேஷ்மா, கள்ளிக்குப்பம். ரேஷ்மாவின் அப்பா யூசுப், திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு மகள் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தார். தீபிகா ரேஷ்மாவுக்குப் பேட்டன் கொடுக்கிற இடத்துக்கு நேராக, வேலி ஓரமாக நானும் அவரும் நின்றோம். நான் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன்.

அதற்குள் ஓட்டம் ஆரம்பித்துவிட்டது. தீபிகா எல்லாருக்கும் முன்னால் வளைவை முடித்து வருகிறாள். ரேஷ்மா கிளம்பிவிட்டாள். யூசுப் என் பக்கம் திரும்பவே இல்லை. டீ விரலைச் சுடுகிறது. கூட்டத்தின் இரைச்சலில் அவர் காதில் விழ வேண்டுமே என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"இந்தா பாய், புடி!"

ரேஷ்மாவின் இடது கை பின்னால் வந்தது.

தீபிகா அப்போது ஐந்தாறு மீட்டர் பின்னால் இருந்தாள். ஒரு கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே ஓடினால் வேகம் எங்கிருந்து வரும்? ரேஷ்மா தொய்ந்தாள், தீபிகா வந்த வேகத்தில் அவள் முதுகில் மோதினாள், பேட்டன் எகிறிப் புல்லில் விழுந்தது. அதைத் தேடி எடுத்து ஓடி முடிப்பதற்குள் மற்ற டீமெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"அவ கூப்ட்டா மேடம். என் காதுல நல்லா வுழுந்துச்சு" என்று ரேஷ்மா அழுதாள்.

"நான் வாயே தொறக்கல மேடம். எங்கம்மா சத்தியமா" என்று தீபிகாவும் அழுதாள். ஒரே தட்டில் சாப்பிடுகிற இரண்டு பேர் அன்றைக்குத் தனித்தனி பஸ்ஸில் போனார்கள்.

ரேவதி விசாரித்துப் பார்த்தாள். தீபிகா கத்தவில்லை என்று அந்த இடத்தில் நின்ற அம்பயரே சொல்லிவிட்டார். "கத்தாத சத்தம் காதுல வுழுதுன்னா, பயத்துல கீறன்னு அர்த்தம். பயந்தவ கடைசி ஆளா ஓட முடியாது" என்று சொல்லி, மாநிலப் போட்டிக்கு ரேஷ்மாவுக்குப் பதிலாக வேறு பெண்ணைப் போடப்போவதாக அறிவித்துவிட்டாள். யூசுப் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருசமா சவாரிய வுட்டு இந்தப் பொண்ண கூட்டிகினு வந்தேன் அண்ணாத்தே. இப்பிடி பண்ணிடுச்சே" என்றார். அந்த நேரத்திலும் என் கையில் அந்தப் பாழாய்ப்போன டீ இருந்தது.

மகள் மேலேயே கண்ணாக இருந்த யூசுப் காதில் நான் கத்தியது ஏறவே இல்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. வேறு காரணமெல்லாம் இல்லை, பயம்தான். பதினெட்டு வருஷம் பொண்டாட்டி மெடலைச் சொல்லிப் பெருமையடித்தவனை, பொண்டாட்டி டீமைக் கவிழ்த்தவன் என்று நாற்பது வருஷம் சொல்வார்களே. இரண்டு நாள் போனால் ரேவதியே கோபம் ஆறி ரேஷ்மாவைச் சேர்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கதவு தட்டினார்கள். திறந்தால் ரேஷ்மா. ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூவும் கிளப் பனியனும் ஒரு பையில் இருந்தது. பனியனைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தாள். எல்லாம் கிளப் பொருள், இனி ஓடப்போவதில்லை, திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள்.

"இந்தாங்க அங்கிள்" என்று நீட்டினாள்.

அந்தச் சொல் என்னைச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பையை வாங்க எனக்குக் கை நீளவில்லை. "நீயே வெச்சிக்கோம்மா. காலைல கிரவுண்டுக்கு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, நேராக உள்ளே போனேன். ரேவதி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டீ, யூசுப், இந்தா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சொம்பைக் கீழே வைத்தாள். "எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"அஞ்சு நாளா அந்தப் பொண்ணு அழுதுகினு கீது. நீ மூணு வேளையும் வக்கணையா துன்னுகினு கீற."

தலையைக் குனிந்துகொண்டேன். நல்லா திட்டினாள். திட்டி முடித்து, "வார்த்த மேல தப்பு இல்ல. உன் வாய் மேலதான் தப்பு" என்றாள்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. செய்த தப்புக்குத் திட்டு வாங்கலாம், செய்யாததற்கும் சேர்த்து வாங்க முடியாது. "ஊர்ல எல்லாருக்குந்தான் வாய் கீது. வா என்கூட" என்று ஆவடி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கறிகாய்க் கடைகளுக்கு நடுவில் பத்து நிமிஷம் நின்றோம். அவளையே விரல் விட்டு எண்ணச் சொன்னேன். பூக்காரம்மா ஒரு இந்தா, மீன்காரர் இரண்டு இந்தா, பிள்ளைக்குப் பொரி வாங்கிக் கொடுத்த ஒரு அம்மா நாலு இந்தா. மொத்தம் பதினேழு. பதினேழாவது இந்தாவைச் சொன்னது ரேவதியே. கீரைக்காரம்மாவிடம் பையை நீட்டும்போது வாயில் வந்துவிட்டது.

திரும்பி வந்து குவார்ட்டர்ஸ் கேட்டில் நுழையும்போது, "அந்த வார்த்தைலதான் நான் ஆளானேன்" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிம்ரனுக்குப் போன் போட்டாள். சிம்ரன் இப்போது பஞ்சாபில் போலீஸ் அதிகாரி. பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். ஃபேக்டரியில் பழகிய இந்தி எனக்குப் போதும்.

"சிம்ரன், நான் இந்தாவ வுட்டுடப் போறேன்" என்றாள் ரேவதி.

அந்தப் பக்கம் ஒரே பதற்றம். "ஐயோ, ஏன்? அவர் என்ன செய்தார்? இத்தனை வருஷத்துக்கு அப்புறமா? நல்ல மனுஷனாச்சே இந்தா ஜி!"

நானும் ரேவதியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"யாரு இந்தா ஜி?"

"உன் புருஷன்தான்! கேம்பில் ஒரே ரூமில் இருந்தோமே. தினமும் போனில் 'இந்தா, இந்தா' என்றுதானே அவரைக் கூப்பிடுவாய்? ஃபைனலில் கத்தினாயே அந்தப் பேரை, கழுத்து நரம்பு புடைக்க. அன்று ஏழு பேர் என்னென்னமோ கத்தினார்கள், எனக்கு எதுவும் கேட்கவில்லை. புருஷன் பேரைக் கத்துகிறவள் பொய்யாகக் கத்த மாட்டாள் என்று கையை நீட்டினேன்."

ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் சிரித்தேனா என்று கேட்காதீர்கள். ஒரு ஆசிய மெடலில் என் பேர் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தப்பான பேர்தான், அதனால் என்ன?

மறுநாள் காலை ரேவதி என்னை மைதானத்தின் நடுவில் நிற்க வைத்தாள். யூசுப்பையும் வரச் சொல்லியிருந்தாள். இருபத்தாறு பிள்ளைகள் முன்னால் நான் ரேஷ்மாவிடமும் தீபிகாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். யூசுப், "என்னா அண்ணாத்தே, ஒரு டீக்காகவா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரேஷ்மா தீபிகா பக்கத்தில் போய் நின்றாள். தீபிகா அவள் ஜடையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. ரேவதியும் விடவில்லை. "கோச் மேலயும் தப்பு கீது. கேட்டேன், நம்பல. கடைசி ஆளு நீதான்" என்று ரேஷ்மாவின் பையைப் பிரித்து ஸ்பைக்ஸை அவள் காலடியில் வைத்தாள். இருபத்தாறு பிள்ளைகள் முன்னால் தன் தப்பை ஒப்புக்கொள்கிற கோச் எத்தனை பேர் இருப்பார்கள்? மனசுக்குள் ஒரு சல்யூட் வைத்தேன்.

இப்போது புதுச் சொல் வேண்டும். "புடி" என்றால் பக்கத்துக் கபடிப் பையன்கள் நாள் முழுக்க அதைத்தான் கத்துகிறார்கள். பஞ்சாபியில் "லே" என்பார்கள் என்று சிம்ரன் சொல்லியிருந்தாள். ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் பாதிக் குடும்பம் திருநெல்வேலி, காலையிலிருந்து "ஏலே, வாலே" தான்.

"தப்பு பண்ணது யாரு?" என்றாள் ரேவதி, என்னைப் பார்த்துத் தாடையை ஆட்டி. "அவரு பேரையே வெச்சிக்கோங்க."

"அங்கிள் பேரு இன்னா மேடம்?" என்று தீபிகா கேட்டாள்.

ரேவதி வாயைத் திறந்தாள், மூடினாள். "அவரையே கேளு."

பூபாலன் என்று சொன்னேன். முழுசாகக் கத்தினால் நீளம், பாலா என்று சுருக்கினால் ஸ்டேடியத்தில் பாதிப் பேர் திரும்புவார்கள். கடைசியில் "பூபா" என்று வைத்தார்கள். உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள் என்று ரேஷ்மா உறுதியாகச் சொன்னாள். மூன்று வாரம் காலையும் மாலையும் என் பேர் அந்த மைதானத்தில் அடிபட்டது. அமல்ராஜ் கேட்டுவிட்டுப் போய் ஃபேக்டரி முழுக்கப் பரப்பினான். ரேவதி மட்டும் அந்தச் சொல்லைக் கத்திக் காட்டவில்லை. "சத்தம் பத்தல, இன்னும் வயித்துலேந்து" என்று திருத்துவாளே தவிர, அவள் வாயிலிருந்து வரவில்லை.

மாநிலப் போட்டி பெரியமேட்டு ஸ்டேடியத்தில். எனக்கு இரண்டு கட்டளை: வாய் திறக்கக் கூடாது, டீ வாங்கக் கூடாது. யூசுப்பும் நானும் கேலரியில் முன்வரிசையில், கடைசிக் கைமாற்றத்துக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ரேவதி எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துப்பாக்கி வெடித்தது. இரண்டாவது பெண் வரைக்கும் நாங்கள் நாலாவது. தீபிகா வளைவில் கால் வைத்தாள். அப்போதுதான் ரேவதி ஏன் கோபப்படுவாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளியே இழுக்கிற உடம்பை உள்ளே அடக்கி, ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி வந்தாள். நான் பார்க்காத அந்த ஃபைனலில் என் பொண்டாட்டி இப்படித்தான் வந்திருப்பாள். எட்டு லேனிலும் ஒரே கத்தல். எனக்குப் பின்வரிசையில் ஒருத்தர் யாருக்கோ தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இந்தாப்பா!" என்றார். யூசுப் என் தொடையைக் கிள்ளினார். ரேஷ்மா அசையவில்லை. முன்னால் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தாள்.

"பூபா!"

கை பின்னால் வந்தது. பேட்டன் உட்கார்ந்தது. அப்புறம் ரேஷ்மாவை யார் பிடிப்பது? கள்ளிக்குப்பம் யூசுப் மகள் மார்பால் கோட்டைத் தொட்டபோது அடுத்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோவே போகலாம். நாற்பத்தெட்டு புள்ளி ஆறு நொடி. முதல் இடம். தேசியப் போட்டிக்குப் போகிறார்கள்.

யூசுப் என் மேல் சாய்ந்து தேம்பினார். நானும் வாயைத் திறந்து என்னென்னமோ கத்தினேன், கட்டளையெல்லாம் முடிந்துவிட்டதே. நாலு பெண்களும் கட்டிப்பிடித்துக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கி வந்து வேலி ஓரமாக நின்றேன். ரேவதி அந்தக் கூட்டத்தில் அவர்களோடு இருந்ததைப் பார்த்தேன், அப்புறம் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

"பூபாலா!"

பின்னாலிருந்து வந்தது. சுருக்காமல், முழுசாக, வயிற்றிலிருந்து. அந்த நாலு பெண்களின் குரல் இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்தக் குரலில் அந்தப் பேரை நான் கேட்டதே இல்லை.

திரும்பிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பக் கூடாது என்று இத்தனை வருஷம் அவள் சொல்லிக் கேட்டவன் நான். எதிரே பார்த்தபடியே இடது கையைப் பின்னால் நீட்டினேன். வழவழவென்று ஒரு குழாய் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. நாலு பெண்களின் கை பட்டு அது இன்னும் சூடாக இருந்தது.

"புடி" என்றாள் ரேவதி.

பிடித்துக்கொண்டேன்.